ஓடிடி சந்தாவை நிறுத்துவது எப்படி? ஆட்டோபேயையும் சேர்த்து ஒரு வழிகாட்டி

செயலியை ஃபோனிலிருந்து அழித்துவிட்டால் சந்தா நின்றுவிடாது. டிவியில் லாக் அவுட் செய்தாலும் நிற்காது. ஃபோனையே மாற்றினாலும் நிற்காது. மாதாமாதம் பணம் எடுத்துக்கொள்ளலாம் என்று நீங்கள் கொடுத்த அனுமதி (இதைத்தான் ஆட்டோபே என்கிறோம்) உங்கள் ஃபோனுக்குள் இல்லை. சந்தா வாங்கிய நிறுவனத்திடம் ஒரு பதிவு இருக்கிறது, உங்கள் வங்கியிடம் இன்னொரு பதிவு இருக்கிறது. இரண்டையும் தேடிப்போய் நிறுத்த வேண்டும். ஒன்றை மட்டும் நிறுத்திவிட்டு நிம்மதியாக இருப்பவர்களுக்குத்தான் அடுத்த மாதம் ‘பணம் கழிக்கப்பட்டது’ என்று எஸ்எம்எஸ் வருகிறது.

இந்தியாவில் வங்கிக் கணக்கோ கார்டோ வைத்திருந்து, நெட்ஃபிளிக்ஸ், பிரைம் வீடியோ, ஜியோ ஹாட்ஸ்டார், சன் நெக்ஸ்ட், ஆஹா போன்ற ஏதாவது ஒன்றுக்குப் பணம் கட்டிக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். இதுவரை எதையும் ரத்து செய்து பழக்கமில்லாதவர்கள் நிதானமாக ஒவ்வொரு படியாகச் செய்யலாம். அப்பா அம்மாவின் ஃபோனை வாங்கி அவர்களுக்காகச் செய்து கொடுப்பவர்களுக்கும் இது உதவும்.

முதல் வேலை: பணத்தை எடுப்பது யார்?

பெரும்பாலானவர்கள் தடுமாறுவது இந்த இடத்தில்தான். நாம் படம் பார்க்கும் நிறுவனம் ஒன்று, நம்மிடம் பணம் வாங்கும் நிறுவனம் வேறொன்று என்பது ரொம்பச் சாதாரணமாக நடக்கிறது. யார் பணம் வாங்குகிறார்களோ அவர்களிடம்தான் ரத்து செய்ய முடியும். மற்றவர்களின் தளத்தில் எவ்வளவு தேடினாலும் கேன்சல் பட்டன் கண்ணில் படாது.

பணம் போகக்கூடிய வழிகள் சில உண்டு. அந்த ஓடிடியின் இணையதளத்திலோ செயலியிலோ நேரடியாகக் கட்டியிருக்கலாம். ஆண்ட்ராய்டு ஃபோனில் கூகுள் பிளே வழியாகவோ, ஐஃபோனில் ஆப்பிள் வழியாகவோ கட்டியிருக்கலாம். மொபைல் ரீசார்ஜ், ஃபைபர் இணைப்பு, டிடிஎச் பேக் ஆகியவற்றோடு சேர்ந்து வந்திருக்கலாம். டாடா பிளே பிஞ்ச், ஏர்டெல் எக்ஸ்ட்ரீம் பிளே, ஓடிடி பிளே மாதிரி பல ஓடிடிகளை ஒரே கட்டாகத் தரும் சேவை ஒன்றிடம் வாங்கியிருக்கலாம். பிரைம் வீடியோவுக்குள்ளேயே தனிச் சேனலாகவும் சேர்த்திருக்கலாம்.

எந்த வழி என்று கண்டுபிடிக்க வங்கி ஸ்டேட்மெண்ட்தான் நம்பகமான சாட்சி. வங்கியின் செயலியைத் திறந்து கடந்த மூன்று மாத வரவு செலவைப் பாருங்கள். வருடச் சந்தா என்று சந்தேகம் இருந்தால் பன்னிரண்டு மாதத்துக்கும் பாருங்கள். ஒரே தொகை, ஏறக்குறைய ஒரே தேதியில் திரும்பத் திரும்ப வந்தால் அதுதான். கிரெடிட் கார்டு வைத்திருப்பவர்கள் அந்த ஸ்டேட்மெண்டையும் தனியாகப் பார்க்க வேண்டும்.

ஸ்டேட்மெண்டில் வரும் பெயர் பலருக்குக் குழப்பம் தரும். செயலியின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் அதை நடத்தும் கம்பெனியின் பெயர் வரலாம். சோனி லிவ்வை நடத்துவது கல்வர் மேக்ஸ் என்டர்டெயின்மெண்ட். ஆஹாவை நடத்துவது அர்ஹா மீடியா. ஜியோ ஹாட்ஸ்டாருக்குப் பின்னால் இருப்பது ஜியோஸ்டார். இதெல்லாம் தெரியாமல் ‘யாரோ திருடுகிறார்கள்’ என்று பதறுகிறவர்களும் இருக்கிறார்கள். ரேசர்பே, பில்டெஸ்க், பேயூ என்றெல்லாம் வந்தால் அவை நடுவில் பணத்தை வாங்கிக் கொடுக்கும் கம்பெனிகள். உண்மையான வணிகரின் பெயர் பெரும்பாலும் அதே வரியிலோ விவரத்திலோ கொஞ்சம் தள்ளி இருக்கும். கூகுள் பிளே என்றோ ஆப்பிள் சர்வீசஸ் என்றோ வந்தால் வழி தெளிவு.

ஸ்டேட்மெண்ட் புரியவில்லையா? மின்னஞ்சலில் அந்த ஓடிடியின் பெயரைப் போட்டுத் தேடுங்கள். முதன்முதலில் சந்தா எடுத்தபோது வந்த ரசீது அங்கே இருக்கும். ரசீதை அனுப்பியது யார் என்று பார்த்தாலே போதும். கூகுள் பிளேயிலிருந்து வந்திருந்தால் அங்கே, ஆப்பிளிடமிருந்து வந்திருந்தால் அங்கே.

வீட்டில் ஒரே சந்தாவை நாலு பேர் பயன்படுத்துவது நம் ஊரில் வழக்கம். லாகின் மகளுடைய நம்பரில் இருக்கும், பணம் அப்பாவின் கணக்கிலிருந்து போகும், சந்தா எடுத்துக் கொடுத்தது மருமகனாக இருக்கும். மூன்று பேரையும் கேட்டுவிடுங்கள். கடைசியில் யாருடைய ஃபோனில் யுபிஐ பின் போட்டார்களோ, அந்த ஃபோன்தான் மூன்றாவது கட்டத்துக்குத் தேவைப்படும்.

இரண்டாவது: நிறுவனத்திடம் ரத்து செய்வது

வங்கிப் பக்கம் போவதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள். இந்த வரிசைக்குக் காரணம் இருக்கிறது. வங்கியில் மட்டும் நிறுத்தினால் நிறுவனத்தின் பார்வையில் நீங்கள் இன்னும் சந்தாதாரர்தான். அவர்களிடம் உங்கள் இரண்டாவது கார்டோ வேறு ஏதாவது பணம் கட்டும் வழியோ பதிவாகி இருந்தால், அதிலிருந்து எடுக்கப் பார்ப்பார்கள்.

நெட்ஃபிளிக்ஸில் இது ஓரளவு நேர்மையாகவே இருக்கிறது. பிரவுசரில் லாகின் செய்து அக்கவுண்ட் பக்கத்துக்குப் போனால் ‘கேன்சல் மெம்பர்ஷிப்’ என்று இருக்கும். அதை அழுத்தி உறுதிசெய்தால் முடிந்தது. கட்டிய காலம் முடியும்வரை பார்க்கலாம். உங்கள் புரொஃபைலும் பார்த்த பட்டியலும் சில மாதங்கள் அப்படியே இருக்கும், அதற்குள் திரும்பி வந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். அங்கே கேன்சல் பட்டனுக்குப் பதிலாக வேறு நிறுவனத்தின் பெயர் தெரிந்தால், ரீசார்ஜ் அல்லது பிராட்பேண்ட் பேக் வழியாக வந்த சந்தா என்று அர்த்தம்.

அமேசான் பிரைமில் பொறுமை வேண்டும். அக்கவுண்ட் பகுதியில் பிரைம் மெம்பர்ஷிப்புக்குள் போய், ‘மேனேஜ் மெம்பர்ஷிப்’ என்பதைத் திறந்தால் ‘எண்ட் மெம்பர்ஷிப்’ கிடைக்கும். அதை அழுத்தியதும் முடிந்துவிட்டது என்று நினைத்து வெளியே வந்துவிடக் கூடாது. ‘என்னென்ன சலுகைகளை இழக்கப்போகிறீர்கள்’ என்று ஒரு பக்கம், ‘பிறகு ஞாபகப்படுத்தவா’ என்று ஒரு பட்டன், ‘சலுகைகளை வைத்துக்கொள்கிறேன்’ என்று பளிச்சென்ற நிறத்தில் இன்னொரு பட்டன் என வரிசையாக வரும். எந்தத் தேதியில் உறுப்பினர் காலம் முடிகிறது என்று திரையில் எழுதிக் காட்டும்வரை முன்னேறிக்கொண்டே இருங்கள். அமெரிக்காவில் இதே விஷயம் வழக்காகவே போனது. பிரைமில் மக்களைச் சம்மதமில்லாமல் சேர்த்ததாகவும், வெளியேறுவதை வேண்டுமென்றே கடினமாக்கியதாகவும் அந்நாட்டின் மத்திய வர்த்தக ஆணையம் 2023 ஜூனில் வழக்குத் தொடுத்தது. 2025 செப்டம்பரில் 250 கோடி டாலர் கொடுத்து அமேசான் சமரசம் செய்துகொண்டது. கேன்சல் பட்டனைத் தேடி அலைவது உங்கள் திறமைக் குறைவு என்று இனிமேல் நினைக்காதீர்கள்.

பிரைமில் கவனிக்க வேண்டியது இன்னொன்றும் இருக்கிறது. பிரைம் வீடியோவுக்குள் கூடுதலாகச் சேர்த்த சேனல்கள் ஒவ்வொன்றும் தனிச் சந்தா. 2025 ஜூன் 17 முதல் இந்தியாவில் பிரைம் வீடியோவில் விளம்பரம் வரத் தொடங்கியபோது, விளம்பரமில்லாமல் பார்க்க மாதம் 129 ரூபாய் அல்லது வருடம் 699 ரூபாய் என்று ஒரு கூடுதல் சந்தாவை அறிமுகப்படுத்தினார்கள். அதை எடுத்திருந்தால் அதுவும் தனிக்கணக்கு. பிரைம் வீடியோவின் செட்டிங்ஸுக்குள் இருக்கும் சந்தாப் பட்டியலைத் திறந்து ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள்.

ஜியோ ஹாட்ஸ்டார், சோனி லிவ், ஜீ5, சன் நெக்ஸ்ட், ஆஹா எல்லாவற்றிலும் பொதுவான வழி ஒன்றுதான்: புரொஃபைல் படத்தை அழுத்தி, செட்டிங்ஸுக்குள் ‘சப்ஸ்கிரிப்ஷன்’ என்ற வரியைத் தேட வேண்டும். ஹாட்ஸ்டாரில் ‘மை ஸ்பேஸ்’ பகுதியிலிருந்து தொடங்குங்கள். சில நேரம் ஃபோன் செயலியில் கேன்சல் வசதி தெரியாது, அதே கணக்கில் பிரவுசர் வழியாக லாகின் செய்தால் தெரியும். அதனால் செயலியில் கிடைக்கவில்லை என்றால் உடனே மனம் தளராமல் இணையதளத்திலும் பாருங்கள். அடுத்து ஜியோ சினிமா: அதில் சந்தா கட்டியிருந்தவர்கள் அது எங்கே போனது என்று தேடவேண்டியதில்லை. அதுவும் டிஸ்னி பிளஸ் ஹாட்ஸ்டாரும் 2025 பிப்ரவரி 14 அன்று ஜியோ ஹாட்ஸ்டார் என்று ஒன்றாகிவிட்டன.

கூகுள் பிளே வழியாகப் போகும் பணத்துக்கு: பிளே ஸ்டோரைத் திறந்து, மேலே உங்கள் படத்தை அழுத்தி, ‘பேமெண்ட்ஸ் அண்ட் சப்ஸ்கிரிப்ஷன்ஸ்’, அதற்குள் ‘சப்ஸ்கிரிப்ஷன்ஸ்’. அங்கே தெரியும் ஒவ்வொரு சந்தாவையும் திறந்து ரத்து செய்யலாம். ஃபோனில் இரண்டு மூன்று ஜிமெயில் கணக்குகள் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் மாறிப் பார்க்க வேண்டும். ‘என் பிளே ஸ்டோரில் எதுவுமே காட்டவில்லையே’ என்று சொல்பவர்களில் பலர் தவறான ஜிமெயிலில் இருந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

ஐஃபோனில்: செட்டிங்ஸ், மேலே உங்கள் பெயர், அதற்குள் ‘சப்ஸ்கிரிப்ஷன்ஸ்’. இலவசச் சோதனைக் காலத்தில் இருப்பவர்கள், அது முடிய 24 மணி நேரத்துக்கு முன்பே ரத்து செய்துவிட வேண்டும் என்று ஆப்பிள் சொல்கிறது. கடைசி நாள் மாலையில் செய்துகொள்ளலாம் என்று விட்டால் பணம் போய்விடும்.

ரீசார்ஜோடு வந்த ஓடிடிக்குப் பெரும்பாலும் எதையும் ரத்து செய்ய வேண்டியதில்லை. பேக்கின் காலம் முடிந்ததும் தானாகவே நின்றுவிடும். ஆனால் அந்த ரீசார்ஜையே ஆட்டோபேயில் போட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். பிராட்பேண்ட் பில்லோடு சேர்ந்திருந்தால் பிளானை மாற்றச் சொல்லி அந்த நிறுவனத்திடம்தான் கேட்க வேண்டும்.

எந்த நிறுவனமாக இருந்தாலும் ரத்து செய்யும்போது ‘பாஸ்’ (Pause) என்று ஒரு வாய்ப்பு காட்டினால் அதைத் தொடாதீர்கள். யூடியூப் பிரீமியத்தில் அப்படி ஒன்று உண்டு. அது தற்காலிக நிறுத்தம்தான்; நீங்கள் மறந்துபோன ஒரு நாளில் தானாகத் திரும்பப் பணம் எடுக்கத் தொடங்கிவிடும். நிஜமாகவே சில மாதம் கழித்துத் திரும்பி வரும் எண்ணம் இருந்தால் அப்போது புதிதாக எடுத்துக்கொள்ளலாம்.

முடிந்ததும் ரத்து உறுதியான திரையை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வையுங்கள். தேதி தெரியும்படி எடுங்கள். உறுதிசெய்து மின்னஞ்சல் வந்தால் அழிக்காதீர்கள். வரவில்லை என்றால் மறுபடி உள்ளே போய், சந்தா எந்தத் தேதியில் முடிகிறது என்று காட்டுகிறதா, இல்லை எந்தத் தேதியில் புதுப்பிக்கப்படும் என்று காட்டுகிறதா எனப் பாருங்கள். புதுப்பிக்கப்படும் என்று இருந்தால் ரத்து ஆகவில்லை.

மூன்றாவது: யுபிஐ ஆட்டோபேயை நிறுத்துவது

யுபிஐ ஆட்டோபேயை, யுபிஐயை நடத்தும் என்பிசிஐ நிறுவனம் 2020 ஜூலையில் அறிமுகம் செய்தது. சந்தா எடுக்கும்போது ஒரு தடவை யுபிஐ பின் போடுகிறீர்கள். அதுதான் நீங்கள் தரும் ஒரே சம்மதம். அதற்குப் பிறகு 15,000 ரூபாய்க்குள் இருக்கும் ஒவ்வொரு பிடித்தமும் பின் கேட்காமலேயே நடக்கும். வசதியும் அதுதான், சிக்கலும் அதுதான்.

‘வெறும் 1 ரூபாய்க்கு ஏழு நாள்’ என்று வரும் விளம்பரங்களை அழுத்தும்போது நீங்கள் பின் போடுவது அந்த 1 ரூபாய்க்கு மட்டுமில்லை. அதோடு சேர்த்து ஆட்டோபே அனுமதியும் பதிவாகிறது. பின் போடும் திரையில் மூன்று விவரங்கள் இருக்கும்: அதிகபட்சத் தொகை எவ்வளவு, எவ்வளவு நாளுக்கு ஒருமுறை, எந்தத் தேதி வரை. மாதம் 199 ரூபாய் பிளானுக்கு அதிகபட்சத் தொகை அதைவிடப் பல மடங்காக எழுதியிருப்பதைப் பார்க்கலாம். நாளைக்குக் கட்டணம் ஏறினால் மறுபடி உங்களிடம் பின் கேட்காமலே எடுத்துக்கொள்வதற்கான இடம் அது. முடியும் தேதியும் பல வருடம் தள்ளி இருக்கும்.

சரி, இருக்கும் ஆட்டோபேயை எப்படிப் பார்ப்பது? கூகுள் பேயில் மேலே உள்ள உங்கள் படத்தை அழுத்தி ‘ஆட்டோபே’ என்ற வரிக்குள் போங்கள். ஃபோன்பேயிலும் புரொஃபைலுக்குள் அதே பெயரில் இருக்கும். பேடிஎம்மில் புரொஃபைலுக்குள் யுபிஐ மற்றும் பேமெண்ட் செட்டிங்ஸ், அதற்குள் ‘ஆட்டோமேட்டிக் பேமெண்ட்ஸ்’. வேறு செயலிகளில் ‘மேண்டேட்’ என்ற பெயரில் இருக்கலாம்.

பட்டியல் திறந்ததும் இப்போது இயங்கிக்கொண்டிருப்பவை ஒரு பக்கம், முடிந்தவை இன்னொரு பக்கம், உங்கள் சம்மதத்துக்காகக் காத்திருப்பவை வேறொரு பக்கம் என்று பிரித்துக் காட்டும். காத்திருப்பதில் தெரியாத பெயர் ஏதாவது இருந்தால் பின் போட்டுவிடாமல் நிராகரித்துவிடுங்கள். இயங்குவதில் வேண்டாததைத் திறந்து, ‘கேன்சல் ஆட்டோபே’ அல்லது ‘ரிவோக்’ என்பதை அழுத்தினால் யுபிஐ பின் கேட்கும். இங்கே பின் போடுவதால் பணம் போகாது. ரத்து செய்வது கணக்கின் உரிமையாளர்தான் என்று உறுதிசெய்யக் கேட்கிறார்கள். பின் போட்டபின் அந்த வரி இயங்குபவற்றிலிருந்து மறைய வேண்டும். சில நிறுவனங்கள் அவர்கள் பக்கம் ரத்து செய்ததுமே ஆட்டோபேயையும் எடுத்துவிடும். அப்படியானால் பட்டியலில் ஏற்கெனவே முடிந்ததாகக் காட்டும். காட்டவில்லை என்றால் நீங்களே எடுத்துவிடுங்கள்.

எந்த யுபிஐ செயலியில் அனுமதி கொடுத்தோம் என்பதே மறந்துபோகும். வங்கி எஸ்எம்எஸ்ஸிலோ விவரத்திலோ உங்கள் யுபிஐ ஐடி தெரிந்தால் அதன் பின்பகுதியைப் பாருங்கள். ஓகே ஆக்சிஸ், ஓகே ஐசிஐசிஐ, ஓகே எஸ்பிஐ என்று ஓகே-யில் (ok) தொடங்கினால் கூகுள் பே. ஒய்பிஎல் (ybl), ஐபிஎல் (ibl), ஏஎக்ஸ்எல் (axl) என்றால் ஃபோன்பே. பிடி (pt) என்று தொடங்கி வங்கியின் பெயர் வந்தால் பேடிஎம். ஒருவருடைய எல்லா ஆட்டோபேயையும் எந்தச் செயலியில் இருந்தும் பார்க்க வழிசெய்யும்படி 2025 அக்டோபரில் என்பிசிஐ சொல்லியிருக்கிறது. உங்கள் செயலியில் அந்த வசதி வந்திருந்தால் வேலை சுலபம்.

பழைய யுபிஐ செயலியை அழித்துவிட்டு வேறொன்றுக்கு மாறியிருந்தாலும் பழைய அனுமதி வங்கியில் உயிரோடுதான் இருக்கும். தேவைப்பட்டால் பழைய செயலியை மறுபடி நிறுவி, அதே ஃபோன் நம்பரில் லாகின் செய்து, உள்ளே போய் ரத்து செய்துவிட்டு, அப்புறம் அழித்துக்கொள்ளலாம்.

கணக்கில் பணமே வைக்காமல் விட்டால் தானாக நின்றுவிடும் என்று சிலர் சொல்வார்கள். நம்ப வேண்டாம். 2025 ஆகஸ்ட் 1 முதல் அமலான விதிப்படி ஆட்டோபே பிடித்தங்கள் நெரிசல் குறைந்த நேரங்களில்தான் நடக்க வேண்டும்: காலை 10 மணிக்கு முன், மதியம் 1 முதல் 5 வரை, இரவு 9.30க்குப் பின். ஒரு முறை முயன்று பணம் கிடைக்காவிட்டால் இன்னும் மூன்று முறை முயலலாம். காலையில் தப்பித்த பணம் சம்பளம் வந்ததும் மதியமோ இரவோ போய்விடும்.

கார்டில் போகிறது என்றால்

கார்டு வைத்திருப்பவர்களுக்கு ரிசர்வ் வங்கி ஒரு நல்ல பாதுகாப்பைக் கொடுத்திருக்கிறது, அதைப் பயன்படுத்துபவர்கள்தான் குறைவு. 2021 அக்டோபர் 1 முதல் கண்டிப்பாக அமலுக்கு வந்த விதிகளின்படி, கார்டில் இப்படித் தானாகப் பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்னதாகவே வங்கி உங்களுக்குத் தகவல் அனுப்ப வேண்டும். யார், எவ்வளவு, எப்போது எடுக்கப்போகிறார்கள் என்பது அதில் இருக்கும். அந்த ஒரு பிடித்தத்தை மட்டுமோ, முழு அனுமதியையுமோ விலக்கிக்கொள்ளும் வசதியையும் தர வேண்டும். இந்த வசதிக்கு உங்களிடம் தனிக் கட்டணம் வாங்கக் கூடாது. பின் அல்லது ஓடிபி இல்லாமல் எடுக்கக்கூடிய வரம்பு 2022 ஜூனில் 5,000 ரூபாயிலிருந்து 15,000 ஆக உயர்ந்தது.

அதனால் ‘நாளை உங்கள் கார்டிலிருந்து இவ்வளவு எடுக்கப்படும்’ என்று எஸ்எம்எஸ் வந்தால் விளம்பரம் என்று தள்ளிவிடாதீர்கள். வங்கிச் செயலியைத் திறந்து கார்டு பகுதியில் ‘இ-மேண்டேட்’ அல்லது ‘ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்‌ஷன்ஸ்’ என்று இருப்பதைத் தேடுங்கள். பல வங்கிகள் இதற்கு பில்டெஸ்க் நிறுவனத்தின் எஸ்ஐ ஹப் தளத்தைப் பயன்படுத்துகின்றன. உங்கள் வங்கியின் சொந்தத் தளத்திலிருந்தே அதற்குப் போங்கள். அங்கே கார்டு எண்ணும் ஓடிபியும் கேட்டு, நீங்கள் கொடுத்திருக்கும் எல்லா அனுமதிகளையும் பட்டியலிடும். வேண்டாததை டெலீட் செய்யலாம்.

கார்டை பிளாக் செய்து புது கார்டு வாங்கினால் போதும் என்பது கடைசி ஆயுதமாக இருக்கட்டும். அதில் மின்சாரக் கட்டணம், இன்ஷூரன்ஸ் என்று வேண்டிய பிடித்தங்களும் சேர்ந்து அறுந்துபோகும்.

தேதி விஷயம்

புதுப்பிக்கும் தேதிக்கு இரண்டு மூன்று நாள் முன்பே எல்லாவற்றையும் முடித்துவிடுவது நல்லது. பெரும்பாலான சேவைகளில் முன்கூட்டியே ரத்து செய்தாலும் கட்டிய காலம் வரை பார்க்கலாம் என்பதால், சந்தா எடுத்த அன்றே ரத்து செய்து வைப்பதுகூட நல்ல வழக்கம்தான். ஒரு மாதம் மட்டும் பார்க்க வேண்டும் என்று எடுப்பவர்களுக்கு நான் அதைத்தான் சொல்வேன். ஆப்பிளின் சொந்தச் சேவைகளின் இலவசக் காலம் மட்டும் விதிவிலக்கு, ரத்து செய்த உடனே பார்ப்பதும் நின்றுவிடலாம்.

பணம் போன பிறகு திரும்பக் கேட்பது கடினம். நம் ஓடிடிகள் பெரும்பாலும் ரீஃபண்ட் தருவதில்லை என்று விதிமுறையிலேயே எழுதி வைத்திருக்கின்றன. கூகுள் பிளேயில் வாங்கியிருந்தால் 48 மணி நேரத்துக்குள் கேட்டுப் பார்க்கலாம். ஆப்பிளில் ‘ரிப்போர்ட் எ பிராப்ளம்’ பக்கத்தில் கேட்கலாம். கிடைக்கும் என்ற உத்தரவாதம் இல்லை. கேட்காமல் விடுவதற்கும் காரணம் இல்லை.

எல்லாம் செய்தும் பணம் போனால்

அடுத்த புதுப்பிப்புத் தேதியன்று கணக்கைப் பாருங்கள். பணம் போயிருந்தால் முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் கொடுங்கள், சாட் வழியாகப் பேசினாலும் உரையாடலைச் சேமித்து வையுங்கள். ஒவ்வொரு மின்வணிக நிறுவனமும் குறைதீர்ப்பு அதிகாரியின் விவரத்தைத் தளத்தில் வெளியிட வேண்டும், புகாரை 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்று 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள் சொல்கின்றன.

கேன்சல் பட்டனையே ஒளித்து வைத்திருந்தால் அதற்கும் சட்டத்தில் பெயர் இருக்கிறது. 2023 நவம்பர் 30 அன்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகள் 13 வகையான ஏமாற்று வடிவமைப்புகளைப் பட்டியலிட்டுத் தடை செய்தன. அதில் ஒன்று சந்தாப் பொறி: ரத்து செய்வதை முடியாததாக்குவது, நீண்ட சிக்கலான வேலையாக்குவது, அந்த வசதியை மறைப்பது, இலவசச் சேவைக்கே பணம் கட்டும் விவரத்தைக் கட்டாயமாகக் கேட்பது எல்லாம் இதில் அடங்கும். இதை மேற்கோள் காட்டிப் புகார் எழுதுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. கட்டணம் கிடையாது, தமிழிலும் பேசலாம். அங்கே புகார் எண் ஒன்று தருவார்கள், குறித்து வையுங்கள். அதிலும் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய்க்குள் செலுத்தப்பட்ட விஷயங்களுக்கு அங்கே புகார்க் கட்டணம் இல்லை.

ஆட்டோபேயை ரத்து செய்த பிறகும் வங்கி பணத்தை விட்டிருந்தால் அது வங்கியின் மீதான புகார். ரத்து செய்த ஸ்க்ரீன்ஷாட்டோடு உடனே வங்கிக்கும் யுபிஐ செயலியின் உதவிப் பகுதிக்கும் புகார் செய்யுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தியாக இல்லாவிட்டாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் அதன் சிஎம்எஸ் (CMS) என்ற புகார்த் தளம் வழியாகப் போகலாம். வழி கேட்க 14448. 199 ரூபாய்க்கு இவ்வளவு அலைய வேண்டுமா என்று தோன்றும். மாதாமாதம் போகும் 199 வருடத்தில் 2,388 ஆகிவிடுகிறது. கேட்பது உங்கள் உரிமை.

கஸ்டமர் கேர் நம்பரைத் தேடாதீர்கள்

ரத்து செய்யத் தெரியாமல் கூகுளில் ‘கஸ்டமர் கேர் நம்பர்’ என்று தேடுகிறவர்களுக்காகவே மோசடிக்காரர்கள் காத்திருக்கிறார்கள். தேடலில் முதலில் வரும் நம்பர் நிறுவனத்துடையதாக இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. உதவி வேண்டுமென்றால் செயலிக்குள் இருக்கும் ‘ஹெல்ப்’ பகுதி வழியாக மட்டும் போங்கள்.

ஃபோனில் பேசுகிறவர் மரியாதையாகத்தான் பேசுவார். ‘ரீஃபண்ட் அனுப்புகிறேன், பின் போடுங்க சார்’ என்றால் வைத்துவிடுங்கள். பணம் வாங்குவதற்கு யுபிஐ பின் ஒருபோதும் தேவையில்லை. திரையைப் பகிரும் செயலி எதையாவது நிறுவச் சொன்னாலும் வைத்துவிடுங்கள். ஆட்டோபேயை ரத்து செய்ய பின் தேவை என்று மேலே சொன்னேன். அது நீங்களாகவே உங்கள் யுபிஐ செயலிக்குள் போய், ரத்து பட்டனை அழுத்தும்போது மட்டும். யாரோ அனுப்பிய லிங்கிலோ, யாரோ ஃபோனில் சொல்லச் சொல்லவோ பின் போடுவது அதில் சேராது. அம்மா அப்பாவுக்குச் சொல்லும்போது இந்த வித்தியாசத்தை அவர்கள் ஃபோனிலேயே ஒரு தடவை செய்து காட்டிவிடுங்கள்.

ஏமாந்து பணம் போய்விட்டது என்றால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறீர்களோ, பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்கு முன் நிறுத்திவைக்க அவ்வளவு வாய்ப்பு உண்டு. அதே கையோடு வங்கிக்கும் சொல்லிவிடுங்கள்.